காற்றுக்குள் இருந்து காற்றை அளத்தல்

கிள்ளான் ஆற்றைப் படகில் கடப்பவன் நீரோட்டத்தை எவ்வாறு அறிகிறான்? கரையில் நிற்கும் மரத்தைப் பார்த்தே அறிகிறான். கரை தெரியாத இருட்டில் ஓட்டம் இருப்பதே அவனுக்குப் புலப்படாது. வானூர்தியில் செல்பவன் நிலையும் இதுவே. அவனைச் சுமந்து செல்லும் காற்றை அவனால் உணர முடியாது.

எஞ்சின் உள்ள விமானத்துக்கு எதிர்க்காற்றினால் எண்ணெய்ச் செலவு கூடும். எஞ்சின் இல்லாத கிளைடருக்கோ, ஊர் போய்ச் சேர்வதா, வழியில் இறங்குவதா என்பதே கேள்வி. 1 மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னேறும் கிளைடர் ஒன்று, பிரிக்பீல்ட்ஸுக்கு மேலே 1,000 மீட்டர் உயரத்திலிருந்து மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் கிள்ளானை நோக்கி, மேற்கே சற்றுத் தெற்காகப் புறப்படுவதாகக் கொள்வோம். (இடையில் சுபாங் விமான நிலையம் இருப்பதால் உண்மையில் இதற்கு இடம் தரமாட்டார்கள், கணக்குக்கு ஏது தடை!) காற்று அசையாத நாளில் அது 40 கி.மீ. செல்லும், ஏறக்குறைய 36 கி.மீ. தொலைவிலுள்ள கிள்ளான் துறைமுகத்தையும் எட்டிவிடும். மணிக்கு 30 கி.மீ. எதிர்க்காற்று வீசினால் தரைவேகம் 60 ஆகக் குறையும். தரையைத் தொடும் நேரம் மட்டும் மாறாது. 27 நிமிடத்திற்குள் இறங்கியாக வேண்டும். அதற்குள் 27 கி.மீ.கூட முழுதாகக் கடந்திராது. கிள்ளான் நகரமோ ஏறக்குறைய 28 கி.மீ. தொலைவில் இருக்கிறது!

பிட்டோ குழாய் என்னும் கருவி ஊர்தி காற்றினூடே செல்லும் வேகத்தை மட்டுமே காட்டும். (பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி பிட்டோ 1732-இல் இதனை அமைத்தது ஆற்றின் ஓட்டத்தை அளப்பதற்கே என்பது சுவையான செய்தி.) தரைவேகத்தைச் செயற்கைக்கோள் இடங்காட்டி தருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் காற்று ஒளிந்திருக்கிறது.

கிளைடர் வெப்பக்காற்று மேலெழும் இடத்தில் பருந்தைப்போல் வட்டமிட்டு உயரம் பெறுவது வழக்கம். அந்த வட்டமே அளவுகோலாகிறது. காற்றோடு செல்லும்போது தரைவேகம் 120, எதிர்த்துச் செல்லும்போது 60 என்றால், வேறுபாட்டில் பாதியாகிய 30 காற்றின் வேகம். இதற்குப் பிட்டோ குழாய்கூட வேண்டியதில்லை. தரைவேகம் மிகக் குறையும்போது ஊர்தியின் முகம் நோக்கும் திசையே காற்று வரும் திசை. தமிழர் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று பெயரிட்டதும் காற்று வரும் திசையை வைத்தே. விமானியின் வழக்கும் அதுவே.

வட்டம் ஒழுங்காக அமையாவிட்டால் விடை பிழைபடும். ஆகவே, கருவி பல வட்டங்களின் சராசரியை எடுக்கும். அப்படியும் அது அந்த உயரத்துக் காற்றுதான். இறங்க இறங்கக் காற்று மாறக்கூடும் என்பதால், விமானி கணக்கில் வந்த உயரத்துக்கு மேல் சில நூறு மீட்டரைக் கையிருப்பாக வைத்துக்கொண்டே புறப்படுவான்.