பூனைக்கு ஒரு சுளை கொடுக்கலாமா?

உத்திரமேரூர்ப் பக்கம் நெல் மூட்டை அடுக்கி வைக்கும் வீடுகளில் பூனைக்குத் தனி மரியாதை உண்டு. எலி வந்தால் மூட்டையில் ஓட்டை விழும், பூனை இருந்தால் அந்தக் கவலை குறையும். அதே வீட்டுக் கொல்லையில் எலுமிச்சையோ நார்த்தையோ நிற்கும். சந்தைக்குப் போனவர்கள் சாத்துக்குடியும் கமலா ஆரஞ்சும் வாங்கி வருவார்கள். நாம் உரித்துச் சாப்பிடும்போது காலடியில் வந்து உட்காரும் பூனைக்கும் ஒரு சுளை கொடுத்தால் என்ன?

கொடுக்க வேண்டாம். ஒரு துளி சாற்றை நக்கிவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, பயப்படத் தேவையில்லை. ஆனால் சுளையைவிடத் தோல் கெடுதல். தோலைவிட, அதிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெய் இன்னும் கெடுதல். இதற்கான காரணம் பூனையின் ஈரலில் இருக்கிறது.

முதலில் தோலைப் பார்ப்போம். ஆரஞ்சுத் தோலை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவதெல்லாம் குட்டி எண்ணெய்ப் பைகள். தோலை மடக்கி அழுத்தினால் மெல்லிய சாரல் பீச்சும். வகுப்பில் பக்கத்துப் பையன் கண்ணில் பீச்சி ஆசிரியரிடம் திட்டு வாங்கித் தருவது இதுதான்! அதை நன்றாக ஊதிய ரப்பர் பலூன்மேல் பீச்சுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பல சமயம் பலூன் பட்டென்று வெடித்துவிடும். எண்ணெயில் மிகுதியாக இருக்கும் லிமோனீன் என்ற பொருள் பலூனின் ரப்பரை இளக்கிவிடுகிறது. எலுமிச்சை, நார்த்தை, சாத்துக்குடி எல்லாவற்றின் தோலிலும் இது உண்டு. பூச்சிகளை அண்டவிடாமல் தடுக்க இந்த எண்ணெய் மரத்துக்கு உதவுகிறது.

நம் உடலுக்குள் கொஞ்சம் லிமோனீன் போனால் என்ன ஆகும்? எண்ணெய் தேய்த்துக்கொண்ட தலையில் வெறும் தண்ணீரை ஊற்றினால் பிசுக்குப் போகாது, சீயக்காய் வேண்டும். நம் ஈரலும் அப்படி ஒரு வேலையைச் செய்கிறது. எண்ணெய்த் தன்மையுள்ள வேண்டாத பொருள்களோடு சர்க்கரையிலிருந்து உருவான ஒரு மூலக்கூறை ஒட்டவைக்கிறது. உடனே அவை தண்ணீரில் கரையும் தன்மை பெற்றுச் சிறுநீரோடு வெளியே போய்விடுகின்றன. பூனையின் ஈரலில் இந்த ஒட்டும் வேலை மிகவும் மந்தம். அதற்கு வேண்டிய நொதிகளில் ஒன்றைச் செய்யும் மரபணு பூனை இனத்தில் எப்போதோ பழுதாகிவிட்டது. இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த பிராணிக்குச் செடிகொடிகளின் காரப் பொருள்களோடு போராடும் தேவை வரவில்லை, அதனால் இப்படி ஆகியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இதே குறையால்தான் நம் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷமாகிறது. ஒரே மாத்திரைகூட அதன் உயிரைப் பறித்துவிடும். ஆரஞ்சை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் உண்ணி, தெள்ளுப்பூச்சி போக லிமோனீன் கலந்த மருந்துநீரில் பூனைகளைக் குளிப்பாட்டினார்கள். 1986-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். புட்டியில் சொன்ன அளவில் பூனைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 15 மடங்கு கூட்டியபோது எச்சில் ஒழுகியது, கால்கள் தள்ளாடின, உடல் நடுங்கியது, உடல் சூடு இறங்கியது. எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் ஒன்று விஷமாவதும் ஆகாமல் போவதும். ஆனால் வீட்டில் நாமாக எண்ணெயை எடுத்துத் தடவும்போது அந்த அளவு நமக்குத் தெரியாது. அதனால் தெள்ளுப்பூச்சிக்கு எலுமிச்சையைத் தேய்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பூனை நாள் முழுவதும் தன் ரோமத்தை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. மேலே பட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும். பினாயில் ஊற்றித் துடைத்த ஈரத்தரையில் அது நடந்துவிட்டுப் பாதத்தை நக்குவதும் இதே கதைதான். தரை காயும்வரை பூனையை வெளியே விட்டுவிடுங்கள்.

பழம் சாப்பிடாவிட்டால் பூனைக்கு வைட்டமின் சி குறையாதா? குறையாது. தனக்கு வேண்டியதைத் தன் ஈரலிலேயே அது செய்துகொள்கிறது. அந்தத் திறமை நமக்குத்தான் இல்லை! 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், வைட்டமின் சி குறைவால் ஈறு வீங்கி ரத்தம் கசிந்து படுத்துக் கிடந்த கப்பல்காரர்கள் 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு வைத்தியம் செய்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும்தான் சட்டென்று தேறினார்கள். கப்பலில் எலி பிடித்த பூனைக்கு அந்தப் பழம் தேவைப்பட்டிருக்காது.

இனிப்புக்காகவாவது தின்னுமா என்றால், பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணுக்களில் ஒன்று அதற்கு வேலை செய்வதில்லை என்று 2005-ல் அமெரிக்காவின் மோனல் ஆய்வு மைய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். புலிக்கும் சிவிங்கிப்புலி எனப்படும் சீட்டாவுக்கும் அப்படியே. ஆகவே வண்டலூர்ப் பூங்காப் புலிக்கும் உங்கள் வீட்டுப் பூனைக்கும் ஆரஞ்சில் கிடைப்பது புளிப்பும் கசப்பும் மூக்கைத் துளைக்கும் நெடியும்தான். தோலை உரித்ததுமே பல பூனைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்துவிடும். அதை மதித்து விட்டுவிடுங்கள். வாயைப் பிடித்துத் திணிக்காதீர்கள்.

கவனம் வேண்டியது குட்டிகளிடம்தான். உருளும் எலுமிச்சையைப் பந்தென்று நினைத்துக் கடிக்கும். ஆயுத பூஜையன்று நசுக்கிய பழத்தையும், பிழிந்து போட்ட தோலையும் உடனே அள்ளிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

தோலைத் தின்ற பூனை எச்சில் ஒழுக்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, தள்ளாடினாலோ பெரியவர்களிடம் சொல்லுங்கள். வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ரோமத்தில் எண்ணெய் பட்டிருந்தால் வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சோப்பும் போட்டுக் கழுவி, குளிராமல் துணியில் சுற்றி, கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். மிச்சத் தோலையோ எண்ணெய்ப் புட்டியையோ கையோடு கொண்டுபோங்கள். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குத் தின்றது என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.