தாடையில் 'டக் டக்' சத்தம், வலியா? ரத்தத்திலும் காரணம் இருக்கலாம்: மரபணு ஆய்வில் புது தகவல்

பெரம்பலூர்,

மக்காச்சோள கதிரை கடித்தால் காது ஓரம் சுருக்கென்று வலிக்குதா? கொட்டாவி விட்டால் 'டக்' என்று சத்தம் வருதா? அது பல் வலியாக இல்லாமல் தாடை மூட்டு வலியாக இருக்கலாம். இது தெரியாமல் நல்ல பல்லை பிடுங்கிக்கொள்பவர்களும் உண்டு.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயை திறந்து மூடினால் அசைவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. தூக்கத்தில் பல்லை நறநறவென கடிப்பது, மன உளைச்சல், அடிபடுவது போன்றவற்றால் இங்கு வலி வரும். பெண்களுக்கு இது அதிகம்.

கோழியா, முட்டையா?

சாப்பாடு செரித்து உடம்பில் சேரும்போது ரத்தத்தில் நூற்றுக்கணக்கான நுண்பொருட்கள் உண்டாகின்றன. வலி இருப்பவர் ரத்தத்தில் இவை மாறியிருந்தால், அதனால் வலி வந்ததா? வலியால் சரியாக சாப்பிடாமல், மாத்திரை போட்டு ரத்தம் மாறியதா? கண்டுபிடிப்பது கஷ்டம்.

இங்கேதான் மரபணு உதவுகிறது. அது பிறக்கும்போதே அமைவது. வலி வந்து அதை மாற்ற முடியாது. ஒரு பொருளை பிறவியிலேயே அதிகம் சுரக்க வைக்கும் மரபணு உள்ளவர்களுக்கு தாடை வலியும் அதிகம் என்றால், அந்த பொருள் மீது சந்தேகம் வலுக்கும்.

கனடாவில் 8 ஆயிரத்து 299 பேரின் ரத்தத்தில் 1,091 நுண்பொருட்களை அலசிய ஆய்வு 2023-ல் வெளியானது. இதுபோன்ற விவரங்களை பின்லாந்து மரபணு வங்கி விவரங்களோடு ஒப்பிட்டதில், சில பொருட்களுக்கும் தாடை வலிக்கும் தொடர்பு இருக்கலாம் என தெரியவந்தது.

டெஸ்ட் எடுக்கணுமா?

வேண்டாம். தாடை வலியை சொல்லும் ரத்த டெஸ்ட் இன்னும் வரவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம்ம ஊர்காரர்களுக்கும் இது பொருந்துமா என்று தனியாக பார்க்க வேண்டும். அதுவரை இதற்கென்று காசை கரைக்காதீங்க.

என்ன செய்யலாம்?

சில நாள் இட்லி, குழைந்த சாதம் என மெதுவாக சாப்பிடுங்க. வெந்நீர் ஒத்தடம் கொடுங்க. கரும்பு, முறுக்கு வேண்டாம். வலி நீடித்தால் பெரம்பலூர் அரசு தலைமை ஆஸ்பத்திரி அல்லது 2022-ல் தொடங்கிய அரியலூர் அரசு மருத்துவ கல்லூரி ஆஸ்பத்திரியில் பல் டாக்டரிடம் காட்டலாம். தாடை பயிற்சியிலேயே பலருக்கு வலி குறையும்.

பாக்கு, பான் மசாலா போடுபவர்களுக்கு வாய் திறப்பது குறைந்தால் உடனே காட்டணும். அது வேறு நோய், புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம்.

தாடை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். தாமதிக்காமல் 108-ஐ கூப்பிடுங்க.