கணவரைத் தேர்தலில் தோற்கடித்த நான்காவது மனைவி: மார்மன் பெண்களின் கதை என்ன?

2024-ல் வந்த 'தி சீக்ரெட் லைவ்ஸ் ஆஃப் மார்மன் வைவ்ஸ்' ரியாலிட்டி ஷோ பார்த்தவங்களுக்கு மார்மன் பெண்கள்னா டிக்டாக்கும் சண்டையும்தான் ஞாபகம் வரும். அவங்களோட பழைய கதை அதைவிட சுவாரஸ்யமானது.

யார் இந்த மார்மன்கள்?

1830-ல் ஜோசப் ஸ்மித் அமெரிக்காவில் தொடங்கிய சபை. எதிர்ப்பு வலுத்ததால் 1847-ல் மேற்கே யூட்டாவில் குடியேறினார்கள். ஓர் ஆண் பல பெண்களை மணப்பதை 1852-ல் வெளிப்படையாகவே அறிவித்தது சபை.

ஓட்டு வந்தது, போனது

1870-ல் யூட்டா பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அரசியல் சட்டத் திருத்தம் மூலம் நாடு முழுக்க அது வர 1920 ஆனது! ஓட்டு கிடைத்தால் இந்தப் பெண்களே பலதார மணத்தை ஒழிச்சிடுவாங்கன்னு வெளியே சிலர் கணக்குப் போட்டார்கள். நடக்கல. ஆயிரக்கணக்கான பெண்கள் கூட்டம் போட்டு தங்கள் சபையை ஆதரித்தார்கள். நம்பிக்கையா, வேறு வழியில்லாமலா? ரெண்டுமே இருந்திருக்கலாம்.

1887-ல் அமெரிக்க நாடாளுமன்றம் எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் கொண்டுவந்து, யூட்டாவின் எல்லாப் பெண்களிடமிருந்தும் ஓட்டைப் பறித்தது. மார்மன் அல்லாத பெண்களும் தப்பல. காப்பாத்த வந்தவங்க செஞ்ச வேலை இது.

1890-ல் பலதார மணத்தைக் கைவிடுவதாக சபை அறிவித்தது. 1896-ல் யூட்டா மாநிலமானபோது பெண்களின் ஓட்டும் திரும்பியது. அதே வருஷம் மார்த்தா ஹியூஸ் கேனன் அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டர் ஆனார். அவர் ஒரு டாக்டர். ஆங்கஸ் கேனனின் நான்காவது மனைவி. கணவர் மேல் வழக்கு பாய்ந்தபோது, சாட்சி சொல்லாமல் இருக்கக் கைக்குழந்தையோடு இங்கிலாந்து போனவர். பத்து வருஷம் கழித்து அவர் ஜனநாயகக் கட்சியில் நின்றார், கணவர் குடியரசுக் கட்சியில். ஜெயித்தது மார்த்தா.

இப்போ?

இன்று பல மனைவியர் வைத்திருப்பவர்கள் பிரிந்துபோன சிறு குழுக்கள்தான். பிரதான சபையில் அப்படிச் செய்தால் நீக்கம்.

ஆனால் குருத்துவம் இன்னமும் ஆண்களுக்கு மட்டுமே. 12 வயதுப் பையனுக்குக் கிடைப்பது அவன் அம்மாவுக்குக் கிடையாது. பெண்களுக்கும் கொடுங்கள் என்று இயக்கம் நடத்திய வழக்கறிஞர் கேட் கெல்லி 2014-ல் நீக்கப்பட்டார். 2019 முதல் ஞானஸ்நானத்துக்குப் பெண்களும் சாட்சியாக நிற்கலாம். ஞானஸ்நானம் கொடுப்பது மட்டும் இன்றும் ஆண்தான்.