தெளிவுக் கனவு: சான்றும் பயிற்சியும்

கனவு காண்கிறோம் என்னும் அறிவு கனவினுள்ளேயே தோன்றுவது தெளிவுக் கனவு. விழித்தபின் கூறுவதைக் கொண்டு, அவ்வறிவு உறக்கத்தில்தான் தோன்றியது என எவ்வாறு நிறுவுவது? விரைவு விழியசைவு உறக்கத்தில் பெரும்பாலான உடற்தசைகள் செயலற்றிருப்பினும் விழிகள் இயங்குகின்றன. இதனைப் பயன்கொண்டே, 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், கனவினுள்ளிருந்து ஆலன் வோர்ஸ்லி முன்னேற்பாட்டின்படி இடவலமாக அசைத்த விழிக்குறிகளைப் பதிவுசெய்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லாபெர்ஜ் இதனைத் தனித்து நிறுவியதோடு பயிற்சிமுறை ஒன்றையும் வகுத்தார். பின்னிரவில் கனவிலிருந்து விழித்ததும் அதனை நினைவுகூர்ந்து, அக்கனவிலேயே அது கனவென உணர்வதாகக் கற்பனைசெய்து, அடுத்த கனவிலும் அவ்வாறு அறியும் உறுதியுடன் மீண்டும் உறங்குதலே அம்முறை. இது உறக்கத்தில் குறுக்கிடுவதால் அளவோடு மேற்கொள்ளத்தக்கது. நினைவிலிருந்து மட்டுமே அறியப்பட்ட கனவு, நிகழும் பொழுதிலேயே ஆராயத்தக்கதானமை இவ்வாய்வின் பெறுபேறாகும்.