போதை கவிதை எழுதுமா? மாணவர் கேள்விக்கு ஒரு விளக்கம்



இலக்கியப் பாடத்தில் இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும்: "கண்ணதாசன் குடிச்சிட்டுத்தானே டீச்சர் பாட்டு எழுதினாரு?" விளையாட்டாகக் கேட்பதுபோல் தோன்றும். ஆனால் நம் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலருக்குப் போதை என்பது புத்தகத்துச் செய்தி இல்லை. வீட்டிலோ பக்கத்து லயத்திலோ கண்ணால் பார்க்கிற விஷயம். "வாயை மூடு" என்று முடித்துவிட்டால் அவர்கள் பதிலை வேறெங்கோ தேடிப் போவார்கள்.

முதலில் உள்ளதை ஒப்புக்கொள்வோம். கண்ணதாசன் (1927–1981) தம் மது, பெத்தடின் பழக்கங்களை மறைக்கவில்லை. பாரதியாரின் போதைப் பழக்கம் பற்றி அவருடன் பழகியவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் அபினுக்கு அடிமையானவர். நாம் மறைத்தால், மாணவர் கைப்பேசியில் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவர். அப்புறம் நம் பேச்சு எடுபடாது.

பழக்கமும் இருந்தது, கவிதையும் இருந்தது. அதற்காகப் பழக்கம்தான் கவிதையைத் தந்தது என்று ஆகிவிடுமா? மூன்று சான்றுகளை வகுப்பில் வையுங்கள்.

ஒன்று, கண்ணதாசனின் 'மாங்கனி'. 1953 டால்மியாபுரம் போராட்டத்தில் சிறை சென்ற அவர், இந்தக் காவியத்தை அந்தச் சிறையில்தான் எழுதினார். சிறையில் ஏது மதுக்கிண்ணம்? அவரிடம் இருந்தது சங்க இலக்கியப் படிப்பும் சந்தம் பழகிய காதும்தான்.

இரண்டு, கோல்ரிட்ஜின் 'குப்ளா கான்'. அபின் மயக்கத்துக் கனவில் வந்த கவிதை என்று 1816இல் அதை அச்சிட்டபோது அவரே சொன்னார். ஆனால் அவர் கைப்பட எழுதிய படி ஒன்று இன்றும் இருக்கிறது. அதற்கும் அச்சில் வந்த வடிவத்துக்கும் சொற்கள் வேறுபடுகின்றன. கனவு எதைத் தந்திருந்தாலும், விழித்திருந்த கவிஞர் அதைத் திருத்தியிருக்கிறார். அதே 1816இல்தான் பழக்கத்தைக் கட்டுப்படுத்த ஒரு மருத்துவர் வீட்டில் தஞ்சம் புகுந்தார். 1834இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார்.

மூன்று, பாரதியார். இளமையிலேயே ஷெல்லியைப் படித்து 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். 1904 முதல் சுதேசமித்திரனில் எழுதி எழுதிக் கை பழகியவர். அந்த உழைப்பைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? 38 வயதில் முடிந்துபோன ஒரு வாழ்க்கை.

அப்படியானால் போதையில் எழுதியவருக்கு ஏன் "பிரமாதம்" என்று தோன்றுகிறது? போதை கூச்சத்தைக் குறைக்கும். எண்ணங்கள் கட்டவிழ்ந்து ஓடும். இது உண்மைதான். ஆனால் எழுதியதை எடைபோடும் அறிவும் அதே நேரத்தில் மங்கிவிடுகிறது. தராசே சாய்ந்திருந்தால் எடை எப்படிச் சரியாக இருக்கும்?

இன்னொன்றையும் சொல்லுங்கள். போதையில் இருந்தும் புகழ்பெற்ற நாலு பேரைத்தான் நமக்குத் தெரியும். போதையில் விழுந்து ஒரு வரிகூட எழுதாமல் போனவர்களின் பெயர் எந்த இலக்கிய வரலாற்றிலும் இல்லை. நம் தோட்டங்களிலும் கள்ளுக்கடை இருந்தது. கள்ளு கவிஞரை உருவாக்கும் என்றால் தோட்டத்துக்கு நூறு கவிஞர் வந்திருக்க வேண்டுமே! நமக்குக் கிடைத்த தோட்டப் பாடல்கள் பல, வேலைக்காட்டிலும் தொட்டில் பக்கத்திலும் பிறந்தவை. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் அவற்றைத் திரட்டித் தந்ததால் இன்று நம் கையில் இருக்கின்றன.

"அப்போ நம்ம மலைத் தேத்தண்ணியிலயும் கஃபீன் இருக்கே?" என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. கஃபீன் தூக்கத்தைத் தள்ளிப்போடும், சொல்லைக் கொடுக்காது. சொல் படித்தவனுக்கும் கேட்டவனுக்கும்தான் வரும்.

வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி: தேயிலைக் காட்டுப் பனியைப் பற்றி எட்டு வரி எழுதச் சொல்லுங்கள். தாளை வாங்கி வைத்து, ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்து, சிவப்பு மையால் அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். எது மேல் என்று அவர்களே சொல்லட்டும். கவிதை எங்கே உருவாகிறது என்பதை அந்தச் சிவப்புக் கோடுகள் காட்டிவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையைச் சந்தேகக் கண்ணோடு பார்க்காதீர்கள். சில சமயம் அது கவிஞரைப் பற்றிய கேள்வியாக இருக்காது. அப்பாவைப் பற்றியோ அண்ணனைப் பற்றியோ இருக்கலாம். பாடம் முடிந்ததும் ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். தேவைப்பட்டால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.