மா. கிருஷ்ணன் (1912–1996)
கோட்டோவியங்கள்

கொல்லிமலையை ஆண்ட வில்வேந்தன் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடினார். அந்த விலங்குச் சித்திரம் சொல்லில் வரைந்தது. வேட்டையாடியின் பெருமைக்காக வரைந்தது.

இங்கே காண்பது வேறு கண். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் கிருஷ்ணன், திருநெல்வேலியில் பிறந்தவர். காட்டுயிர் ஒளிப்படக்காரராகப் புகழ்பெற்ற பிறகும் பேனாவையும் மையையும் விடவில்லை. கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 46 ஆண்டுகள் எழுதிய பத்திக்குத் தம் கையாலேயே படம் வரைந்தார். 1940களில் சந்தூர் சமஸ்தானத்தில் வேலை. அங்கே ஆடு மேய்த்தார், புறா வளர்த்தார். யானையைப் போலவே காகத்துக்கும் அணிலுக்கும் அவர் நேரம் ஒதுக்கியது அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ.

கோடுகளை அருகில் வந்து பாருங்கள். நிழல் குறைவு, அலங்காரம் அறவே இல்லை. கழுத்து திரும்பும் விதம், கால் ஊன்றும் விதம், அவ்வளவுதான். ஒளிப்படத்திலும் கறுப்பு வெள்ளையையே விரும்பினார். வண்ணத்தின்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

1970இல் பத்மஸ்ரீ. கடைசிப் பத்தி அச்சானது 1996 பிப்ரவரி 18. அவர் மறைந்ததும் அன்றே.