சார்பு உட்செலுத்தலும் எளிய கொள்கலமும்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்திற் பயிலும் கருத்துகளுள் ‘சார்பு உட்செலுத்தல்’ என்பதும் ஒன்றாகும். பெயர் கடினமாகத் தோன்றினும் கருத்து எளியது. ஒரு பொருள் தன் தொழிலுக்கு வேண்டிய பிற பொருள்களைத் தானே ஆக்கிக்கொள்ளலாகாது. அவை வெளியிலிருந்து அதற்கு வழங்கப்படுதல் வேண்டும். 2004ஆம் ஆண்டில் மாட்டின் பவுலர் எழுதிய கட்டுரையே இப்பெயரைப் பரவலாக்கியது. அவ்வாறு வழங்கும் பணியை ஏற்பது கொள்கலம். அதனை நாமே ஆக்கும் முறையினை ஈண்டு நோக்குவோம்.

கோதுமை ஏற்றிய கப்பலொன்று சீனன்குடாவிலுள்ள மா ஆலையை நாடி வருகின்றது எனக் கொள்வோம். குடாவின் இயல்பறிந்த வழிகாட்டியையும் இழுவைப் படகையும் அது தன்னுடன் கொண்டுவருவதில்லை. தன் தேவையை அறிவிக்கின்றது. துறைமுகம் அவற்றை அமர்த்துகின்றது. எந்தப் படகு வரும் என்பது கப்பல் முடிவு செய்வதன்று.

இனி, கப்பல்களுக்கு இடம் ஒதுக்கும் செய்நிரலொன்றைக் கருதுவோம். அதில் ‘வருகை’ என்னும் வகுப்புக்குக் காற்றளவியும் துறைமேடைப் பதிவேடும் வேண்டும். காற்று மிகுந்தால் கப்பலைக் குடாவுக்கு வெளியே நிறுத்துக என்பது அதன் விதி. காற்றளவியை அவ்வகுப்புத் தானே ஆக்கிக்கொள்ளின், அவ்விதியைச் சோதிக்க உண்மையான பெருங்காற்று வரும்வரை காத்திருத்தல் வேண்டும். 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய புயலைப் போன்ற ஒரு நாளுக்காகவே அவ்விதி எழுதப்படுகின்றது; அத்தகைய நாளில் முதன்முறை சோதிக்கப்படுதல் தகாது. காற்றளவியை ஆக்கியின் வழியே வெளியிலிருந்து கொடுப்போமாயின், எப்பொழுதும் 50 நொட் எனக் கூறும் போலிக் காற்றளவியைக் கொடுத்து, அமைதியான நாளிலும் விதியைச் சோதிக்கலாம். இதுவே இம்முறையின் தலையாய பயன்.

கொள்கலத்துக்கு வேண்டுவன நான்கு. முதலாவது, ஓர் அட்டவணை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அப்பெயருக்குரிய பொருளை ஆக்கும் வகுப்பு அதில் எழுதப்படும்.

இரண்டாவது, ‘பெறுக’ என்னும் செயற்பாடு. ‘வருகை’ கேட்கப்பட்டதும் அது அட்டவணையை நோக்கி, அவ்வகுப்பின் ஆக்கி வேண்டுவன யாவை எனக் காணும். ஒவ்வொன்றுக்கும் தன்னையே மீண்டும் அழைக்கும். எதனையும் வேண்டாத வகுப்பை அடையும்போது அவ்வழைப்பு முடிவுறும். பின்னர், பெற்றவற்றைக் கொடுத்து ‘வருகை’ ஆக்கப்படும்.

மூன்றாவது, ஆயுள் பற்றிய குறிப்பு. கப்பல்தோறும் புதிய ‘வருகை’ வேண்டும். துறைமேடைப் பதிவேடோ ஒன்றே இருத்தல் வேண்டும். பதிவேடு இரண்டாயின் ஒரே மேடை இரு கப்பல்களுக்கு ஒதுக்கப்பட்டுவிடும். ஆதலின் முதன்முறை ஆக்கிய பதிவேட்டைச் சேமித்துவைத்து, பின்னர்க் கேட்கும்தோறும் அதனையே கொடுத்தல் வேண்டும்.

நான்காவது, சுழற்சியைக் கண்டறிதல். ஒன்று மற்றொன்றையும், அது மீண்டும் முதலாவதையும் வேண்டுமாயின் அழைப்பு முடிவுறாது. ஆக்கப்பட்டுக்கொண்டிருக்கும் பெயர்களை ஒரு பட்டியலில் இட்டு, அவற்றுள் ஒன்று மீண்டும் கேட்கப்பட்டால் பிழையென அறிவித்து நிறுத்துதல் வேண்டும்.

இவ்வளவும் ஏறத்தாழ ஐம்பது வரிகளில் அடங்கும். ஸ்பிரிங் முதலிய பெருஞ்சட்டகங்களின் கொள்கலங்களும் அடிப்படையில் இவற்றையே விரிவாகச் செய்கின்றன.

எனினும் ஓர் எச்சரிக்கை மனங்கொள்ளத்தக்கது. கொள்கலத்தைச் செய்நிரலின் தொடக்கத்தில் மட்டுமே அழைத்தல் வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் கொள்கலத்தையே கொடுத்து ‘வேண்டியதை எடுத்துக்கொள்’ என விடின், எது எதனைச் சார்ந்தது என்பது மீண்டும் மறைந்துவிடும். மேலும், ஓர் ஆக்கி பத்துப் பொருள்களை வேண்டுமாயின் குறை கொள்கலத்தினது அன்று. அவ்வகுப்புத் தன் அளவுக்கு மிஞ்சிய பொறுப்பை ஏற்றுள்ளது என்பதே பொருள். சிறிய செய்நிரலுக்குக் கொள்கலமே வேண்டியதில்லை. தேவையானவற்றைக் கையாற் கொடுத்தலே போதும். கொள்கலம் ஒரு வசதியே; தேவையை மறையாது அறிவித்தலே கொள்கை.